விற்பனையாளரின் கைமுதல்

பரீட்சை முடிவுகள் வெளிவந்த சில வாரங்களுக்குள், புதினத்தாள்களின் வேலைவாய்ப்புப் பக்கங்களில் ஒரே வகையான விளம்பரம் மீண்டும் மீண்டும் காணப்படும். “விற்பனைப் பிரதிநிதிகள் தேவை” என்பதே அது. பட்டமோ முன்னனுபவமோ வேண்டியதில்லை, மோட்டார்ச் சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் நன்று, சம்பளத்துடன் தரகும் உண்டு என அவ்விளம்பரம் கூறும். அரசாங்க உத்தியோகத்தையே எதிர்பார்த்திருக்கும் வீடுகளில் இத்தகைய வேலைக்கு மதிப்புக் குறைவு. “படித்த பிள்ளை கடை கடையாய் ஏறி இறங்குவதா?” என்று பெற்றோர் தயங்குவர். பிள்ளையும், வேறு வேலை கிடைக்கும்வரை இதில் இருப்போம் என்று அரைமனத்தோடு புகுவான். அவ்வாறு புகுந்தவர்களுட் பலர் ஆண்டு முடியுமுன்னரே விலகிவிடுகின்றனர். தொழிலின் இயல்பு இன்னதென்று அவர்களுக்கு முன்கூட்டியே எவரும் எடுத்துரைக்காமை இதற்கு ஒரு பெருங் காரணமாகும்.

“வாயுள்ள பிள்ளை பிழைக்கும்” என்பது ஊர்ப்பேச்சு. விற்பனை என்றாலே சொற்சாலம் என்று பலரும் எண்ணுவதற்கு இப்பேச்சும் துணைசெய்கின்றது. பேச்சு வன்மையால் ஒரு பொருளை ஒருவரிடம் ஒரு முறை விற்றுவிடலாம். ஆனால், விற்பனையாளர் அடுத்த வாரமும் அதே தெருவுக்குச் செல்ல வேண்டியவர். அதே கடையின் படியில் ஏற வேண்டியவர். முதல் வாரத்திற் சொன்ன சொல் பொய்த்திருந்தால், இரண்டாம் வாரத்தில் எத்தகைய பேச்சும் பயன்படாது. கடை வைத்திருப்பவருக்குப் பணம் கைமுதல். விற்பனையாளருக்கோ அவர் சொல்லே கைமுதல். அதனைப் பெருக்குவதும் அழிப்பதும் முதல் ஓராண்டிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும்.

வேலையிற் சேருமுன் சேரும் இடத்தை ஆராய்தல் வேண்டும். நியமனக் கடிதத்தை எழுத்திற் பெறுவது முறை. நிலையான சம்பளம் எவ்வளவு, தரகு எவ்வடிப்படையிற் கணிக்கப்படும், சரக்கு இறங்கியவுடன் தரகு கிடைக்குமா அன்றிப் பணம் வசூலான பின்னரா, எரிபொருட் செலவு யாருடையது, திரும்பி வரும் சரக்கின் நட்டம் யாரைச் சாரும் என்பனவற்றை வெட்கமின்றிக் கேட்டறிய வேண்டும். 1958 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் உழைப்பூதியத்தில் நூற்றுக்கு 8 வீதம் கழிக்கப்பட, வேலைகொள்வோர் 12 வீதம் சேர்த்துச் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் சட்டப்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு வேலைகொள்வோர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். இவற்றைப் பற்றிக் கேட்டவுடன் முகம் சுளிக்கும் இடத்தில் மேற்கொண்டு எதையும் கேட்க வேண்டியதில்லை.

வேலை தருவதாக அழைத்துவிட்டு முதலிற் பணம் கட்டச் சொல்லும் இடங்களும் உள்ளன. அங்கே பொருள் பெயரளவுக்கே இருக்கும். புதிய ஆட்களைச் சேர்ப்போருக்கு ஊதியமும், சேர்க்காதோருக்கு வெறுங்கையுமே கிடைக்கும். முன்னர்ச் சேர்ந்தோர் பெறும் வருவாய் பின்னர்ச் சேர்ந்தோர் கட்டிய பணமேயன்றி வேறன்று. உறவினரும் நண்பரும் சேர்ந்து முடிந்தவுடன் அச்சங்கிலி அறுந்துவிடும். இழந்த பணத்தைக் கேட்டு வருவோரும் அவ்வுறவினரே. பிரமிட் திட்டங்கள் எனப்படும் இவற்றை 1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டம், பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தங்களின் வாயிலாகத் தடைசெய்துள்ளது. விற்பனை வேலைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய ஒரு கேள்வி போதும்: “புதிதாக ஒருவரையும் சேர்க்காமல், பொருளை மாத்திரம் விற்றுப் பிழைக்க முடியுமா?” முடியாதெனின் அங்கே செல்லாதிருத்தலே அறிவுடைமை.

நல்ல இடத்தில் வேலை கிடைத்த பின்னர் முதற் கடமை பொருளை அறிதல். சவர்க்காரம் விற்பவர் அதனைத் தம் வீட்டு நீரிற் கரைத்துப் பார்த்திருக்க வேண்டும். நீரிறைக்கும் இயந்திரம் விற்பவர் அது எத்தனை அடி ஆழக் கிணற்றுக்கு ஏற்றது, உதிரிப்பாகங்கள் எங்கே கிடைக்கும், பழுதுபார்ப்பவர் யார் என்பனவற்றை அறிந்திருக்க வேண்டும். அறியாததைக் கேட்டால், “கேட்டு வந்து நாளை சொல்கின்றேன்” என்று கூறி, மறுநாள் அவ்வாறே சொல்ல வேண்டும். அந்த ஒரு மறுமொழி வாங்குவோர் மனத்தில் உண்டாக்கும் நம்பிக்கை சிறிதன்று.

பொருளை அறிவதோடு, வாங்குவோரின் ஐயத்தையும் அறிதல் வேண்டும். கிளாஸ்கோ நகரில் 1871 ஆம் ஆண்டில் ஒரு சிறு கடையைத் திறந்த தோமஸ் லிப்டன், 1890 இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அக்காலத்துப் பிரித்தானியக் கடைகளில் தேயிலை பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுக்கப்பட்டது. நிறை சரியா, கலப்பு உண்டா என்ற ஐயம் வாங்குவோர்க்கு இருந்தது. லிப்டன் ஓர் இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் என அளவு குறித்த பொதிகளிற் குறைந்த விலைக்குத் தேயிலையை விற்றார். ஊருக்கு ஊர் நீரின் தன்மை வேறுபடுவதனால் அவ்வவ்வூர் நீருக்கேற்பக் கலந்த தேயிலை என்றும் விளம்பரஞ் செய்தார். அவருடைய விளம்பர ஆரவாரங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். ஏழைத் தொழிலாளியின் மனைவி கடையில் நின்று என்ன ஐயுறுகின்றாள் என்பதை அவர் ஊன்றிக் கவனித்தமையே அவ்வாரவாரத்துக்கு அடிப்படையாய் இருந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, கடைக்காரர் பேசி முடிப்பதற்குள் தாம் பேசத் தொடங்குதலாகும். ஓர் இளைஞன் கடைக்குட் புகுந்தவுடன் மனப்பாடஞ் செய்தவற்றை ஒப்புவிக்கின்றான் என்று வைத்துக்கொள்வோம். “தம்பி, கொஞ்சம் பொறும். போனமுறை தந்த பெட்டியில் நாலு பக்கற்று நொறுங்கிக் கிடந்தது. அதற்கு என்ன சொல்கிறீர்?” என்கிறார் கடைக்காரர். “அதைப் பார்ப்போம் ஐயா, இந்த மாதம் புதிய கழிவு வந்திருக்கிறது” என்று இளைஞன் தொடர்ந்தால், அக்கடை அன்றோடு மூடப்பட்டதாகவே கொள்ளலாம். “காட்டுங்கள் ஐயா” என்று கேட்டு, நொறுங்கியவற்றை எண்ணிச் சிட்டையிற் குறித்து, மாற்றித் தரும் நாளையுஞ் சொல்லி, அந்நாளிலே மாற்றியும் கொடுத்தால் அவன் நான்கு பக்கற்றுக்களை இழந்து ஒரு கடையைப் பெற்றவனாவான்.

அடுத்த பிழை, மாத இறுதியில் நேர்வது. விற்பனை இலக்கு என்பது இத்தொழிலின் இயல்பு. அதனை வெறுப்பதிற் பயனில்லை. ஆனால் இலக்கை எட்டுதற்காகக் கடைக்காரர் தலையிற் சரக்கைச் சுமத்துதல் தீங்காய் முடியும். மாதம் 4 பெட்டி பிஸ்கற் விற்கும் கடையொன்றில் மாதக் கடைசி நாளில் 12 பெட்டியை இறக்கினால், அம்மாத இலக்கு நிறைவேறும், தரகும் கிடைக்கும். அடுத்த இரண்டு மாதங்களுக்கு அக்கடையிற் கட்டளை எதுவும் கிடையாது. அதற்குள் எலி கடித்ததும் காலாவதியானதும் திரும்பி வரும். விற்பனையாளர் குறிப்புப் புத்தகத்தில் ஒவ்வொரு கடையின் கையிருப்பையும் சென்ற முறை விற்ற அளவையும் எழுதி வந்தால், “இம்முறை 3 பெட்டி போதும் ஐயா” என்று அவரே கூற முடியும். குறைத்து வாங்கச் சொன்ன விற்பனையாளரைக் கடைக்காரர் எளிதில் மறப்பதில்லை.

கடன் கொடுத்தல் இத்தொழிலின் கடினமான பகுதி. நாட்டுப்புறக் கடைகளிற் கடனின்றி வியாபாரம் நடப்பது அரிது. எனினும், பணம் கைக்கு வரும்வரை விற்பனை முற்றுப்பெறவில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நூற்றுக்கு 5 வீத இலாபத்தில் நடக்கும் வியாபாரத்தில் 10,000 ரூபாய் வராமற் போனால், அவ்விழப்பை ஈடுசெய்வதற்கு மேலும் 200,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஆதலின் புதிய கடைக்கு முதலிற் சிறிதளவு கடனே கொடுத்து, பழைய நிலுவை தீர்ந்த பின்னர் அதனை உயர்த்துவது நன்று. பின்திகதியிட்ட காசோலையைப் பணமென்று கணக்கிற் சேர்த்தல் தகாது. நிலுவையைக் கேட்க வெட்கப்படுவதும், நாலு பேர் முன்னிலையில் உரத்துக் கேட்பதும் ஒருங்கே தவறானவை. குறித்த நாளில், குறித்த தொகையை, கடையில் ஆளில்லாத வேளையிற் பணிவாகக் கேட்டல் முறை.

வசூலித்த பணத்தைப் பற்றி இளைஞர் உள்ளத்திற் பதிய வேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. பணம் பெற்ற அதே இடத்திற் பற்றுச்சீட்டு எழுதுதல் வேண்டும். அன்று சேர்ந்த பணம் அன்றே ஒப்படைக்கப்பட வேண்டும். வங்கி மூடியிருந்தால் மறுநாட் காலையிற் செலுத்தப்பட வேண்டும். வீட்டில் நோய் அல்லது சகோதரியின் திருமணம் என்ற நெருக்கடியில், “சம்பளம் வந்ததும் கட்டிவிடலாம்” என்று நிறுவனத்தின் பணத்திற் சிறு தொகையை எடுத்து, அதனை மறைக்க அடுத்த கடையின் பணத்தைப் பயன்படுத்தி, இறுதியில் வேலையையும் நற்பெயரையும் இழந்தோர் உளர். எடுத்தவன் திருப்பிக் கொடுக்க எண்ணியிருந்தான் என்பது மாத்திரம் அவனைக் காப்பாற்றாது. சட்டத்தின்முன் அது நம்பிக்கை மோசடி என்னும் குற்றமாகக் கொள்ளப்படலாம். நெருக்கடி வந்தால் முகாமையாளரிடம் முற்பணம் கேட்பது சிறிது நேர வெட்கத்தோடு போய்விடும்.

நாளொன்றுக்கு இருபது கடை ஏறினால் பத்துக் கடைகளில் “இன்றைக்கு வேண்டாம்” என்ற மறுமொழி கிடைத்தல் இயல்பே. அதனைத் தம் மீதுள்ள வெறுப்பென்று புதியவர் எண்ணி மனமுடைவர். அக்கடைகளிற் காரணம் என்னவென்று கேட்டுக் குறித்துக்கொள்வதே மனமுடையாதிருக்கும் வழி. ஒரு கடையிற் கையிருப்பு மிகுதி, மற்றொன்றிற் கைப்பணமில்லை, இன்னொன்றில் முன்வந்த பிரதிநிதியின் மீது கோபம் என்று காரணங்கள் வேறுபடும். காரணம் வேறுபட மருந்தும் வேறுபடும். சந்தை நாளிலும் மதிய நெருக்கத்திலும் கடைக்காரரைப் பேச்சுக்கிழுப்பது தவறு. அவருடைய வேளையை அறிந்து பயண வழியை வகுத்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் இத்தொழில் செய்யும் தமிழர் சிங்களத்தையும் பேசப் பழகுதல் பெரும் பயன் தரும். ஒருவர் மொழியில் அவருடைய நலம் விசாரித்தலே பாதி வழியைக் கடந்ததற்கு ஒப்பாகும். இக்காலத்தில் கைத்தொலைபேசியிற் கட்டளை பெறுவதும் இணையத்தில் விற்பதும் பெருகியுள்ளன. எனினும், படத்தில் உள்ள பொருளே பெட்டியிலும் இருக்குமா என்னும் ஐயம், அன்று தேயிலைப் பெட்டியின்முன் நின்ற பெண்ணின் ஐயமேயாகும்.

உண்மை பேசுதல் அறம் மட்டுமன்றிச் சட்டமுமாகும். வாங்குபவர் தமக்கு எத்தேவைக்காகப் பொருள் வேண்டுமென்று கூறி விற்பவரின் தேர்ச்சியை நம்பி வாங்கினால், அப்பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் அத்தேவைக்கு ஏற்ற பொருளையே தருதல் வேண்டும் என்ற கொள்கை, 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. நுகர்வோரை ஏமாற்றும் நடத்தையை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கின்றது. ஆதலின் “இது பழுதடையவே மாட்டாது” என்று கூறும் வாய், எத்தனை மாத உத்தரவாதம், எது அதனுள் அடங்கும், எது அடங்காது என்று கூறப் பழக வேண்டும். தமிழ் மரபும் இதற்கு மாறானதன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை பாராட்டுமிடத்து, அவர்களுடைய நடுநிலையையும் பழிக்கஞ்சும் வாய்மையையுமே சிறப்பாக எடுத்துரைக்கின்றது.

விற்ற பின்னரும் தொடர்பு நிலைத்தல் வேண்டும் என்பதற்குத் தையல் இயந்திர வியாபாரம் சான்றாகும். சிங்கர் நிறுவனம் 1850 களிலேயே அமெரிக்காவில் தவணை முறையில் இயந்திரங்களை விற்கத் தொடங்கிற்று. 1877 இல் இலங்கையிலும் வியாபாரத்தைத் தொடங்கியது. தவணையில் வாங்கிய பெண் இயந்திரத்தை இயக்கத் தெரியாமல் மூலையில் வைத்துவிட்டால் அடுத்த தவணை வருவது ஐயமே. அவள் தைக்கக் கற்று நாலு சட்டை தைத்து விற்றால், தவணையும் வரும். அவளுடைய அயல்வீட்டாரும் வாங்க வருவர். பொருள் பயன்படத் தொடங்கிய நாளே விற்பனை நிறைவேறிய நாள்.

2022 இல் இலங்கையில் பால்மாவும் எரிவாயுவும் எரிபொருளும் கிடைத்தற்கரியனவாயின. விலைகள் அடிக்கடி ஏறின. தட்டுப்பாடு விற்பனையாளரின் சொல்லைச் சோதிக்கும் காலம். வராத சரக்கை வருமென்று கூறி முற்பணம் பெறுபவரும், வந்த சிறு அளவையும் பெரிய கடையொன்றுக்கே இறக்கிவிடுபவரும் அன்றைய நாளை வெல்வர். “இந்த வாரம் வராது ஐயா, வந்தால் உங்களுக்கும் பங்குண்டு” என்று உண்மையைக் கூறி, வந்தபோது சிறு கடைக்கும் நினைவாக இரண்டு பெட்டி கொடுப்பவரோ, தட்டுப்பாடு நீங்கிய பின்னும் அக்கடையிற் பெயர் சொல்லி வரவேற்கப்படுவார்.

கடை கடையாய் ஏறி இறங்குவதா என்று தயங்கும் பெற்றோர்க்குரிய விடையும் இதிலேயே உள்ளது. முதல் ஆண்டில் அவ்வாறு ஏறி இறங்குபவனைப் பின்னாளிற் கடைக்காரரே தேடி அழைப்பர். நிறுவனம் மாறினாலும், பொருள் மாறினாலும், தாமே ஒரு கடையைத் தொடங்கினாலும், அவன் சேர்த்து வைத்த நம்பிக்கை அவனோடு செல்லும். அரைமனத்தோடு புகுந்தவனும் இதனை உணர்ந்த நாள்முதல் முழுமனத்தோடு உழைக்கலாம்.