அரங்க ஒளியின் டி.எம்.எக்ஸ். தொடர்: பழுதும் பகுப்பாய்வும்

நவீன அரங்கில் ஒளி என்பது நடிகரைப் புலப்படுத்தும் துணைச் சாதனம் மட்டுமன்று. அதனை அரங்கின் கலைக்கூறுகளுள் ஒன்றாக உயர்த்திக் கண்டவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அடோல்ப் அப்பியா (1862–1928). பிரெக்ற் மேலும் ஒருபடி சென்று, ஒளி எங்கிருந்து வருகின்றது என்பதைப் பார்வையாளர் காணவேண்டும் என வற்புறுத்தினார். ஆயினும் அவ்வொளியை இயக்கும் பொறிமுறை, அரங்கவியலாளர் பலருக்கு இன்னும் மூடிய பெட்டியாகவே உள்ளது. நாடகத்தின் நடுவே விளக்குகள் கட்டுக்கடங்காது துடிக்கத் தொடங்கினால், கருவிகளை வாடகைக்குத் தந்தவரை எதிர்பார்த்துக் குழுவினர் கைகட்டி நிற்க நேர்வது இதன் விளைவே. அத்தகைய பழுதுகளை முறையாக ஆராயும் வழியை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றமும் இயல்பும்

முன்னைய முறையில் ஒவ்வொரு டிமருக்கும் தனித்தனி வயர் வழியாக 0 முதல் 10 வோல்ற்று வரையான அழுத்தம் அனுப்பப்பட்டது. நூறு டிமர்களுக்கு நூறு வயர்கள் தேவைப்பட்டன. பின்னர் ஒரே வடத்தில் பல கட்டளைகளை அனுப்பும் முறைகள் தோன்றின. எனினும் உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் தத்தம் முறையைக் கையாண்டமையால், ஒருவரின் கட்டுப்பாட்டுப் பலகை மற்றவரின் டிமரை இயக்கவில்லை. இம்முரண்பாட்டுக்குத் தீர்வாகவே 1986இல் அமெரிக்க அரங்கத் தொழினுட்ப நிறுவகம் டி.எம்.எக்ஸ். 512 என்ற பொது நியமத்தை வகுத்தது. 1990இல் திருத்தப்பட்ட இது, 2004இல் அமெரிக்கத் தேசிய நியமமாயிற்று. தனியுடைமையாயிருந்த மொழிகளின் இடத்தைப் பொதுமொழி ஒன்று பெற்றமையே இதன் வரலாற்று முக்கியத்துவம் எனலாம்.

இம்முறையில் பலகையிலிருந்து செக்கனுக்கு 250,000 துணுக்குகள் என்ற வேகத்தில் தரவு வெளியேறுகின்றது. ஒரு தொடரில் 512 சனல்கள் உள. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையான ஒரு பெறுமதியைக் கொள்ளும். 512 சனல்களும் பயன்படுமிடத்து முழு வரிசையும் செக்கனுக்கு ஏறத்தாழ 44 தடவை மீள அனுப்பப்படும். விளக்குகள் அனைத்தும் ஒரே செய்தியைக் கேட்கின்றன. தன் தொடக்க முகவரியிலிருந்து தனக்குரிய சனல்களை மட்டும் ஒவ்வொரு விளக்கும் எடுத்துக்கொள்கின்றது. விளக்கு பதில் கூறுவதில்லை. செய்தி சிதைந்ததா எனச் சரிபார்க்கும் ஏற்பாடும் இல்லை. பழுது தன்னைத் தானே அறிவிக்காதிருப்பதற்குக் காரணம் இதுவே.

2. இருவகைக் குறைகள்

பழுதுகளை ஊடகக் குறை, பொருட்குறை என இரண்டாக வகுப்பது பயனுடையது. செய்தி விளக்கைச் சிதையாமல் அடையாமை முன்னையது. அடைந்தும் வேறாகப் பொருள்கொள்ளப்படுதல் பின்னையது.

விளக்கு ஒழுங்காக, ஆனால் தவறான கட்டளைக்கு இயங்குமாயின் அது பெரும்பாலும் பொருட்குறையாகும். ஆறு சனல் கொண்ட விளக்குகளின் முகவரிகள் 1, 7, 13 என அமையவேண்டும். இரண்டாவது விளக்குக்கு 6 என முகவரி இடப்பட்டால், முதல் விளக்கின் இறுதிச் சனல் இரண்டாவதன் முதற் சனலையும் இயக்கும். அவ்விளக்கை எட்டுச் சனல் நிலையில் வைத்தாலோ, அது 7 முதல் 14 வரை பிடித்து மூன்றாவதன் எல்லைக்குட் புகும். சிற்றாளிகளால் முகவரி இடும் விளக்குகளில் அவ்வாளிகள் 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும். ஆதலின் 13 என்பது முதலாம், மூன்றாம், நான்காம் ஆளிகளின் கூட்டாகும்.

விளக்குகள் துடித்தல், இடையிடையே அணைதல், ஓரிடத்துக்கு அப்பால் முற்றாகச் செயலிழத்தல் ஆகியன ஊடகக் குறையைச் சுட்டும். ஒலிவாங்கி வடத்தைப் பயன்படுத்துதல், 2ஆம் 3ஆம் முனைகள் இடம்மாறியிருத்தல், ஒரே தொடரில் 32 அலகுச் சுமைக்கு மேல் இணைத்தல், ஒரு விளக்கு தானியங்கு நிலையிலிருந்து தானும் செய்தி அனுப்புதல் என்பன இதன் வழமையான காரணங்கள். தொடரின் ஈற்றில் 2ஆம் 3ஆம் முனைகளுக்கிடையே இருக்கவேண்டிய 120 ஓம் முடிவுத் தடையி இல்லாமையும் அவற்றுள் ஒன்று. அத்தடையி இல்லாதபோது குறிப்பலை வடத்தின் நுனியில் தெறித்து மீண்டு, பின்வரும் குறிப்புகளுடன் கலந்து அவற்றைச் சிதைக்கின்றது. வடத்தைப் பொதுச் சந்தியிலிருந்து பல கிளைகளாகப் பிரித்தாலும் இதே விளைவு ஏற்படும். கிளைகள் தேவையெனின் அதற்கென அமைந்த பிரிப்பானையே பயன்படுத்தல் வேண்டும்.

3. ஆய்வு முறை

துடிக்கும் விளக்கே பழுதான விளக்கு எனக் கொள்வது பொதுவான தவறு. ஓரிடத்திலுள்ள குறுஞ்சுற்று, அதற்கு முன்னுள்ள விளக்குகளையும் பாதிக்கவல்லது. ஆதலின் தொடரை இருகூறாக்கி ஆராய்தல் வேண்டும். பதினாறு விளக்குகள் உள்ளனவாயின், எட்டாவதன் வெளிவாயிலில் வடத்தைக் கழற்றி முடிவுத் தடையியைச் செருகுக. முதல் எட்டும் சீராக இயங்கினால் குறை அப்பால் உள்ளது. இன்றேல் இப்பாலுள்ள பாதியில் உள்ளது. சந்தேகத்துக்குரிய பாதியை மீண்டும் பாதியாக்குக. நான்கு சோதனைகளில் குறை ஒரு விளக்குக்கும் அதன் வடத்துக்கும் ஒடுங்கிவிடும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் காரணம் எது என அறியவியலாது.

வடத்தை அளந்தும் அறியலாம். மின்னை நிறுத்திப் பலகையைக் கழற்றியபின், தொடக்கத்தில் 2ஆம் 3ஆம் முனைகளுக்கிடையே தடையை அளக்க ஏறத்தாழ 120 ஓம் காட்டவேண்டும். 60 எனின் இரு முடிவுத் தடையிகள் உள. பூச்சியத்தை அண்மித்தால் குறுஞ்சுற்று. அளவு மிகப் பெரிதெனின் வடம் அறுந்துள்ளது அல்லது தடையி இல்லை.

4. எல்லைகள்

2006இல் நியமமாக்கப்பட்ட ஆர்.டி.எம். முறையால், அதற்கிசைந்த விளக்குகள் அதே வடத்தின் வழியே பதிலளிக்கின்றன; பலகையிலிருந்தே முகவரியை மாற்றவும் இயலும். எனினும் அறுந்த வடத்தை அதுவும் ஒட்டவைப்பதில்லை. சரிபார்ப்பு இன்மையால், வெடிப்பொறிகளையும் ஆளைத் தூக்கும் இயந்திரங்களையும் டி.எம்.எக்ஸ். வழியே இயக்கலாகாது. ஒரு துணுக்கின் சிதைவு விளக்கிற் கணநேரத் துடிப்பாக முடியும், அங்கோ உயிரிழப்பாகலாம்.

ஏணியிலேறி விளக்கொன்றை மாற்றுபவர், நிகழ்ச்சியின் வெற்றிக்கு மட்டுமன்றித் தம் உயிருக்கும் பொறுப்பேற்கின்றார். காரணம் அறியாது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும்படி அவரைப் பணிப்பது நேர்மையன்று. இவ்வறிவு கருவியின் உடைமையாளரிடம் மட்டும் தங்கிவிடாது அரங்கில் உழைப்போர் அனைவருக்கும் உரியதாதல் வேண்டும்.