காசநோய்க் கிருமியைக் காட்டிக் கொடுக்கும் 'மின்மினி வைரஸ்'!

ஏலூர்:
இரண்டு வாரமாக விடாத இருமல். மாலையானால் லேசான காய்ச்சல். உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. ஏலூர், களமசேரி பகுதிகளில் ஒரே அறையில் பலராகத் தங்கி வேலைக்குப் போகும் தமிழர்களில் ஒருவருக்கு இப்படி இருந்தால், அது காசநோயாக இருக்கக்கூடும். இது காற்றில் பரவும் நோய். அறையிலுள்ள மற்றவர்களுக்கும் ஆபத்து. எனவே கிருமியைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதே முதல் வேலை.

ஆனால் இந்தக் கிருமி மகா மந்தம்! சில கிருமிகள் 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கோ ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். சளியை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்க 6 முதல் 8 வாரம் ஆகும். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று அறிய மேலும் சில வாரங்கள்.

கிருமிக்கு ஒரு கிருமி

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் உண்டு. இவற்றுக்கு 1917-ல் 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயரிட்டவர் விஞ்ஞானி டெரெல். மனிதனை இவை தொடுவதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய பாக்டீரியாவைத்தான் தேடிப் பிடிக்கும்.

இந்தக் குணத்தை விஞ்ஞானிகள் பயன்படுத்திக்கொண்டனர். மின்மினிப் பூச்சிக்கு ஒளி தரும் மரபணுவை வைரசுக்குள் வைத்தனர். வைரஸ் அதைக் காசநோய்க் கிருமிக்குள் செலுத்துகிறது. பிறகு 'லூசிஃபெரின்' என்ற பொருளைச் சேர்த்தால், உயிருள்ள கிருமி ஒளி விடும்! கருவி அந்த ஒளியை அளந்து சொல்லும்.

மருந்து கலந்த பிறகும் ஒளி வந்தால், அந்த மருந்துக்குக் கிருமி சாகவில்லை என்று பொருள். ஒளி மங்கினால் மருந்து வேலை செய்கிறது. வாரக்கணக்கில் காத்திருந்த விடை சில நாட்களில் கிடைக்கிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் 1993-ல் இதைச் செய்து காட்டினர்.

சென்னையின் பங்கு

சென்னை சேத்துப்பட்டில் 1956 முதல் இயங்கும் மத்திய அரசின் காசநோய் ஆராய்ச்சி நிலையமும் இதில் இறங்கியது. சென்னையில் கிடைத்த ஒரு வைரசுக்கு 'சே 12' என்று பெயர். அதிலும் மின்மினி மரபணு சேர்க்கப்பட்டது. உடம்பில் பெருகாமல் உறங்கிக் கிடக்கும் கிருமியையும் கண்டறியும் நோக்கத்துடன் இங்கு உருவாக்கிய வைரஸ்கள் பற்றிய ஆய்வு 2008-ல் வெளியானது.

இம்முறை இன்னும் ஆஸ்பத்திரிகளுக்கு வரவில்லை. அங்கே 'ட்ரூநாட்' போன்ற மரபணுப் பரிசோதனைகள் நடக்கின்றன. சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும்.

பாதியில் நிறுத்தாதீர்!

அரசு ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை. சத்துணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் உதவியும் உண்டு.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் மருந்தை விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம். ஊருக்குப் போகுமுன் ஆஸ்பத்திரியில் சொன்னால், சிகிச்சையைச் சொந்த ஊருக்கே மாற்றித் தருவார்கள். மாநிலம் மாறினாலும் மருந்து மாறக்கூடாது!