சீட்டும் சரக்கும்

புதுவை நகரின் வடபுறக் கடலோரத்தில் அமைந்த மீனவர் குடியிருப்பு வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று சுற்றூர்க் கோயில்களின் உற்சவமூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வந்து கூடும் கரை அது. சோழமண்டலக் கரை மீனவரிடையே பங்கு என்னும் சொல்லுக்குத் தெளிவான பொருள் உண்டு. மீன் விற்ற தொகையில் செலவு போக எஞ்சியது, படகும் வலையும் உடையவருக்கு ஒரு பகுதியாகவும் கடலில் உழைத்தவர்களுக்கு மறுபகுதியாகவும் பிரிகிறது. மீன் கிடைக்காத நாளில் எவருக்கும் பங்கு இல்லை.

இதனை உளங்கொண்டு, அண்மையில் பரவிவரும் புதிய முதலீட்டு முறை ஒன்றை ஆராய்வோம். நிலம், கட்டடம், பொன் முதலிய சொத்துகளைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு மின்னணு டோக்கன் வெளியிட்டு விற்பதே அம்முறை. டோக்கன் கைமாறும் கணக்கு, பிளாக்செயின் எனப்படும் பேரேட்டில் பதிவாகிறது. அப்பேரேட்டின் படிகள் பல கணினிகளில் ஒருங்கே இருப்பதால், எழுதியதை ஒருவர் தனித்துத் திருத்துதல் அரிது. துபை நிலத்துறை 2025 ஆம் ஆண்டு கட்டடச் சொத்துகளை இவ்வாறு பகுத்து விற்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் 2,000 திர்ஹம் கொண்டே ஒருவர் பங்கேற்கலாம்.

சிறு சேமிப்பு உடையோருக்கு இது வாய்ப்பே. எனினும், பேரேடு டோக்கனின் வரலாற்றை மட்டுமே காக்கிறது. டோக்கன் குறிக்கும் பொருள் உண்மையில் உள்ளதா, எவர் காவலில் உள்ளது என்பதற்கு அப்பேரேடு சான்றாகாது.

இவ்வையம் மிகப் பழமையானது. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில், மர்வான் இப்னு ஹகம் மதீனாவின் ஆளுநராக இருந்த காலத்தில், ஜார் துறைமுகத்து உணவுப் பொருளுக்காக மக்களுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. இன்றைய ரேஷன் டோக்கனை ஒத்த அவை ஸுகூக் எனப்பட்டன. தானியத்தைக் கைவசப்படுத்தும் முன்னரே மக்கள் அச்சீட்டுகளைத் தமக்குள் விற்கவும் வாங்கவும் தலைப்பட்டனர். ஜைத் இப்னு தாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் மர்வானிடம் சென்று, இது வட்டியை ஆகுமாக்குவதாகும் எனக் கண்டித்தனர். மர்வான் காவலரை அனுப்பிச் சீட்டுகளைப் பறித்து உரியவரிடம் திருப்பச் செய்தார். இச்செய்தியை இமாம் மாலிக் (ரஹ்) தமது முவத்தாவில் பதிவு செய்துள்ளார்.

கைவசப்படுத்தும் முன் விற்கலாகாது என்னும் இவ்விதியின் எல்லை குறித்து இமாம்கள் கருத்து வேறுபடுகின்றனர். இமாம் மாலிக் (ரஹ்) அதனை உணவுப் பொருளோடு நிறுத்துகிறார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) எல்லாப் பொருளுக்கும் விரிக்கிறார். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அசையாச் சொத்துக்கு விலக்கு அளிக்கிறார். பொன்னை நாணயத்திற்கு மாற்றுவதோ கைக்குக் கை உடனே நிகழவேண்டும் என்பது அறிந்ததே. பஹ்ரைனில் இயங்கும் அயோஃபி அமைப்பு 2016 இல் வெளியிட்ட 57 ஆம் ஷரீஅத் நியமம், வாங்கியவருக்கெனக் குறித்து ஒதுக்கப்பட்ட பொன்னுக்குரிய சான்றினைப் பெறுவதையும் கைவசப்படுத்தலாக ஏற்கிறது. ஒதுக்கப்படாத பொன்னின் பெயரால் தரப்படும் சீட்டு இதனுள் அடங்காது.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதே வினாவை எழுப்புகிறது. பிரெஞ்சு ஆட்சிக்காலப் புதுவையில் நொத்தேர் முன் பத்திரம் எழுதும் வழக்கம் இருந்தது. இன்று 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை, பதிவு பெற்ற பத்திரத்தாலன்றி நிறைவேறாது. எனவே டோக்கன் ஒன்றாலேயே மனை உரிமை மாறிவிடாது. கைப்பேசி வழி விற்கப்படும் டிஜிட்டல் தங்கம் பெரும்பாலும் பிளாக்செயினைச் சார்ந்ததன்று. ஆயினும் அதற்கும் இவ்வினா பொருந்தும். அது தன் கண்காணிப்பிற்கு அப்பாற்பட்டது எனச் செபி 2025 நவம்பரில் எச்சரித்து, தங்க இடிஎஃப், மின்னணுத் தங்க ரசீது ஆகியவை முறைப்படுத்தப்பட்ட வழிகளில் அடங்கும் எனச் சுட்டியது. குஜராத் கிஃப்ட் நகரின் பன்னாட்டு நிதிச் சேவை மைய ஆணையம், சொத்துகளை டோக்கனாக்குவது குறித்து 2025 பிப்ரவரியில் கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது.

இனி மீண்டும் கரைக்கு வருவோம். வைத்திக்குப்பத்தார் ஒருவரின் விசைப்படகு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்பதாகவும், அதனை ஆயிரம் டோக்கன்களாக்கி ஒருவர் விற்க முன்வருவதாகவும் கொள்வோம். வாங்குவோர் மூன்றினைக் கேட்டறிதல் வேண்டும். படகின் பதிவுச் சான்றில் எவர் பெயர் உள்ளது? டோக்கன் விற்ற நிறுவனம் மூடப்பட்டால் படகின் மீது உரிமை கோர வழியுண்டா? வருவாய் எதிலிருந்து வருகிறது? கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லா. அந்நாளிலும் மாதந்தோறும் மாறாத தொகை தருவதாக ஒருவர் உறுதி கூறின், அத்தொகை மீனிலிருந்து வருவதன்று. அது கூட்டுத் தொழிலாகிய முஷாரகா அன்று, வட்டிக்குக் கொடுத்த கடனேயாகும். பின்வருவோர் பணத்தை முன்வந்தோருக்குக் கொடுக்கும் மோசடியாகவும் இருக்கலாம்.

இம்மூன்றுக்கும் எழுத்து வடிவில் தெளிவான விடை கிடைக்குமாயின் டோக்கன் நல்லதொரு கணக்கேடாகப் பயன்படும். கிடைக்காதவிடத்து, மதீனாவில் பறிக்கப்பட்ட சீட்டின் நிலையே அதற்கும் உரியது.