கார் கம்பெனி தள்ளாடினால் எதைக் காப்பாற்றுவது: பிராண்டையா, பட்டறையையா?

திருச்சி காட்டூரைத் தாண்டி தஞ்சாவூர் சாலையில் திருவெறும்பூர், துவாக்குடி என்று போனால் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. 1960-களில் பெல் கொதிகலன் ஆலை வந்த பிறகு, அதன் ஆர்டரை நம்பி வளர்ந்தவை இவை. அனல் மின்நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது பெல் தாக்குப்பிடித்தது. பட்டறைகளில் பல தாக்குப்பிடிக்கவில்லை.

ஒரே கஸ்டமரை நம்பியிருந்தால் இதுதான் கதி. கார் துறையிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிசு. ஒரு கார் ஆலை மூடினால் முதலில் பேசப்படுவது பிராண்ட். அடி விழுவது, பெயரே வெளியில் தெரியாத சப்ளையர் கம்பெனிகளுக்கும் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும். அப்படியானால் தள்ளாடும் கார் துறையைச் சீரமைப்பது என்றால் என்ன? நடந்த சில கதைகளை வைத்துப் பார்ப்போம்.

ஃபோர்டு போனபோது என்ன ஆச்சு?

2021 செப்டம்பர் 9. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று காரணம் சொன்னது. சென்னை அருகே மறைமலை நகர், குஜராத்தில் சனந்த் என இரண்டு ஆலைகள். ஒரே கம்பெனி, ஒரே அறிவிப்பு. ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு முடிவு.

சனந்த் ஆலையை டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2023 ஜனவரியில் ஆலை கைமாறியது. விரும்பிய தொழிலாளர்களுக்கு டாடாவிலேயே வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே அங்கிருந்து டாடா கார்கள் வெளிவரத் தொடங்கின.

மறைமலை நகரில் 2022 ஜூலையோடு கார் தயாரிப்பு நின்றது. இழப்பீட்டுக்காகத் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது. 2025 அக்டோபரில் ஃபோர்டு மறுபடி தமிழக அரசுடன் ஒப்பந்தம் போட்டது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2.35 லட்சம் எஞ்சின்கள். உற்பத்தி தொடங்குவது 2029-ல். நல்ல செய்திதான். ஆனால் நடுவில் ஏழு ஆண்டுகள். கட்டடம் காத்திருக்கும். வீட்டுக்கடன் கட்டும் தொழிலாளி காத்திருக்க முடியுமா?

அரசு பணம் போட்டால் சரியாகிவிடுமா?

பணம் மட்டும் போட்டால் சரியாகாது. 2009-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது, அந்த நாட்டு அரசு சுமார் 5,000 கோடி டாலர் போட்டது. சும்மா கொடுக்கவில்லை. போன்டியாக், சாட்டர்ன், ஹம்மர் போன்ற பிராண்டுகள் கைவிடப்பட்டன. தலைமை அதிகாரி மாற்றப்பட்டார். கம்பெனி மீண்டது. அரசு தன் பங்குகளை விற்று 2013-ல் வெளியேறியது. வரிப்பணத்தில் 1,100 கோடி டாலருக்கு மேல் திரும்பி வரவில்லை.

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அதே 2009 மார்ச்சில், உதிரிபாக சப்ளையர்களுக்கு மட்டும் தனியாக 500 கோடி டாலர் வரை ஒதுக்கப்பட்டது. கார் கம்பெனி தர வேண்டிய பில் தொகைக்கு அரசே உத்தரவாதம். காரணம் எளிது. போல்ட் தருகிறவர் மூடிவிட்டால், நன்றாக ஓடும் கம்பெனியிலும் லைன் நின்றுவிடும்.

நம்ம ஊர்க்காரர்கள் யாராவது மாறிப் பிழைத்தார்களா?

பிழைத்தார்கள். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களை அசெம்பிள் செய்துகொண்டிருந்தது. பிறகு காரை விட்டு லாரி, பஸ் பக்கம் திரும்பியது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. இன்றும் நம் சாலைகளில் ஓடுகிறது.

வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் என்று இன்னொரு கம்பெனி இருந்தது. 1983-ல் மாருதி வந்து சந்தையே மாறிய பிறகு, 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய காரை இறக்கியது. மேல் உடம்பு புதுசு, உள்ளே பழைய எஞ்சின். விலையும் அதிகம், பெட்ரோலும் குடித்தது. 1988-ல் உற்பத்தி நின்றுவிட்டது.

எதை விட வேண்டும் என்று சரியான நேரத்தில் முடிவெடுத்தவர் நிலைத்தார். பழசுக்குப் புது பெயின்ட் அடித்தவர் நிலைக்கவில்லை.

அப்போ என்னதான் செய்யணும்?

முதலில், பில் பணம். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ம் ஆண்டு சட்டமே சொல்கிறது. தாமதித்தால் அந்தச் செலவுக்கு அந்த ஆண்டு வரிக்கழிவு கிடையாது என்ற விதியும் 2024 ஏப்ரலில் வந்துவிட்டது. பெரிய கம்பெனி தடுமாறும்போது இந்த விதிகளைக் கறாராக அமல்படுத்தினாலே பாதிப் பட்டறைகள் மூச்சுவிடும்.

இரண்டாவது, ஆலை கைமாறும் வேகம். மூடும் அறிவிப்பு வந்த நாளிலிருந்தே அடுத்த உரிமையாளரைத் தேட வேண்டும். தொழிலாளர்களையும் சேர்த்து ஏற்பது பேச்சுவார்த்தையில் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வேலை மாற்றம். மின்சார காரில் பிஸ்டன், கிளட்ச், சைலன்சர், பெட்ரோல் டேங்க் எதுவும் கிடையாது. இவற்றைச் செய்கிறவர்களுக்கு ஆர்டர் நின்ற பிறகு பயிற்சி கொடுத்துப் பலனில்லை. ஆர்டர் இருக்கும்போதே கொடுக்க வேண்டும்.

திருச்சிக்கு இதில் என்ன?

வெல்டிங், மெஷினிங் தெரிந்த கைகள் இங்கே ஏராளம். 2019 ஜனவரியில் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கி வைக்கப்பட்டதும் திருச்சியில்தான். அதன் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று. பாய்லருக்கு வெல்டிங் செய்த கை ராணுவ வாகனத்துக்கும் செய்யும், ரயில் பெட்டிக்கும் செய்யும். ஆனால் ஒவ்வொரு துறைக்கும் தனித் தரச் சான்றிதழ், தனிச் சோதனை. அந்தச் செலவைச் சிறு பட்டறை தனியாகத் தாங்க முடியாது. அரசு உதவி தேவைப்படும் இடம் இதுதான்.

நீங்கள் ஒரு சப்ளையர் கம்பெனியில் வேலை பார்ப்பவரா? அங்கே சேரப் போகிறவரா? சம்பளத்தோடு சேர்த்து இன்னொன்றையும் கேளுங்கள்: மொத்த ஆர்டரில் ஒரே கஸ்டமரின் பங்கு எவ்வளவு? பாதிக்கு மேல் என்றால், அந்தக் கஸ்டமரின் நஷ்டக் கணக்கையும் நீங்கள் படித்து வைப்பது நல்லது.