மடியை விட்டுப் பின் சீட்டுக்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு புளியமரத்தில் மோதினால் கார் நின்றுவிடும். உள்ளே கட்டப்படாமல் இருப்பவை நிற்காது. தண்ணீர் பாட்டிலும், பழக்கூடையும், பின் சீட்டில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்த நாயும் எதிலாவது போய் இடிக்கும்வரை அதே வேகத்தில் முன்னால் பாயும். அப்படி இடிபடுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் நாயை நிற்கவைக்க யாருக்கும் மனம் வராது. காருக்குள் அந்த உயரம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால் பயமும் வருவதில்லை. 30 கிலோ எடையுள்ள லாப்ரடார் இந்த வேகத்திலிருந்து நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிறுத்தப்பட்டால், இடிக்கும் இடத்தில் 400 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் அழுத்தியதுபோல் இருக்கும். அந்த இடம் பெரும்பாலும் முன் சீட்டின் சாய்மானம். அதில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஊருக்குள் மெதுவாகத்தானே போகிறோம் என்று சிலர் சொல்லலாம். 30 கிலோமீட்டர் வேகத்துக்கும் மூன்றரை மீட்டர் உயரக் கணக்கு இருக்கிறது. அது ஒரு மாடி உயரத்துக்குக் குறையாது.

ஆகவே காரில் ஏறும் நாயைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ‘கட்டு’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிப் பேர் தவறாகக் கட்டுவார்கள். கட்டுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றுக்குப் போதுமான கட்டு மற்றதற்குப் போதாது. முதல் காரணம் ஓட்டுநரின் கவனம். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2011-இல் நாயோடு பயணிப்பவர்களிடம் நடத்திய ஆய்வில், ஓட்டும்போதே நாயைத் தடவிக்கொடுப்பது, பிரேக் போடும்போது கையால் தடுத்துப் பிடிப்பது, தீனி கொடுப்பது போன்ற கவனம் சிதறும் செயல்களில் ஏதாவது ஒன்றையாவது செய்ததாக 65 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். நாயைக் கட்டி அழைத்துப் போனவர்கள் 16 சதவீதம் பேர்தான். அந்த ஆய்வில் நாய்ப் பயணப் பொருள்கள் விற்கும் நிறுவனம் ஒன்றும் கூட்டு என்பதையும் வாசகர் தெரிந்துகொள்வது நல்லது. எந்த விற்பனையாளரும் சேராத சான்றும் இருக்கிறது. பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தார் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 2,000 ஓட்டுநர்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, செல்லப் பிராணியை எப்போதும் உடன் அழைத்துச் சென்ற முதியவர்களுக்கு விபத்து விகிதம் இரண்டு மடங்காக இருந்தது. முதியவர்களைப் பற்றிய ஆய்வை எல்லா வயதினருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நாயைத் திரும்பிப் பார்க்கும் இரண்டு நொடியில் கார் 33 மீட்டர் கடந்துவிடுகிறது. பள்ளி வாசலோ பேருந்து நிறுத்தமோ அதற்குள் வந்துவிடலாம்.

கவனச் சிதறலைத் தடுக்க எந்தக் கட்டும் ஏறக்குறைய போதும். நாய் முன் சீட்டுக்குத் தாவாமல் இருந்தால் சரி. இரண்டாவது காரணமான மோதலுக்குத்தான் கட்டின் தரம் முக்கியம், ஏமாற்றமும் அங்கேதான் அதிகம். அமெரிக்காவில் லிண்ட்சி வோல்கோ என்ற பெண்மணி, மார்புப்பட்டை அணிந்திருந்தும் தன் நாய் ஒரு திடீர் பிரேக்கில் காயப்பட்டதைப் பார்த்தார். கடையில் விற்கும் பட்டைகள் உண்மையில் எதைத் தாங்கும் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. ‘சென்டர் ஃபார் பெட் சேஃப்டி’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். சுபாரு நிறுவனத்தின் நிதியுதவியோடு அந்த அமைப்பு 2013-இல் நடத்திய சோதனைகளில், சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் நாய் பொம்மைகள் உண்மையான நாயின் எடையோடு செய்யப்பட்டன. குழந்தை இருக்கைகளைச் சோதிக்கும் முறையை ஒட்டி, மணிக்கு சுமார் 48 கிலோமீட்டர் வேக மோதலில் அவை பரிசோதிக்கப்பட்டன. சில பட்டைகளின் தையல் கிழிந்தது, சிலவற்றின் கொக்கி உடைந்தது, பொம்மை பட்டையிலிருந்து உருவிக்கொண்டு பறந்ததும் உண்டு. மூன்று அளவிலும் சீராகக் காத்தது ஒரே ஒரு பட்டைதான். இவையெல்லாம் பாதுகாப்பானவை என்று விளம்பரம் செய்து விற்கப்பட்டவை. அமெரிக்காவில் இந்தப் பொருள்களுக்கு அரசு வகுத்த தரநிலை கிடையாது. மோதல் சோதனை செய்யப்பட்டது என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்துக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை. குழந்தைகளுக்கான கார் இருக்கைகளும் இப்படித்தான் தொடங்கின. 1930-களில் வந்தவை குழந்தையை உயர்த்தி வெளியே வேடிக்கை காட்டவும், ஓரிடத்தில் உட்காரவைக்கவும் செய்யப்பட்டவை. உயிரைக் காக்கும் நோக்கமும் அதற்கான சட்டமும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் வந்தன. நாய்ப் பட்டைகள் இன்று அந்தப் பழைய கட்டத்தில் இருக்கின்றன.

பெரும்பாலான பட்டைகள் தோற்றுவிட்டனவே, பிறகு எதற்காகக் கட்ட வேண்டும் என்று கேட்பது நியாயம்தான். திடீர் பிரேக்குகள் பெரும்பாலும் மோதலில் முடிவதில்லை. அந்த நேரத்தில் சுமாரான பட்டைகூட நாயைச் சீட்டிலிருந்து உருளாமல் பிடித்துக்கொள்ளும், ஓட்டுநரின் கைக்கும் காலுக்கும் இடையில் வராமல் தடுக்கும். பட்டை தோற்றதைக் காட்டிய அதே சோதனைகள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கற்றுத்தருகின்றன. கழுத்துப்பட்டையில் மட்டும் ஒருபோதும் கட்டக் கூடாது. மோதலில் உடல் முழுவதன் வேகமும் கழுத்தெலும்பில் இறங்கும். மார்பைச் சுற்றி அகலமாக அணைக்கும் பட்டை வேண்டும், காரின் சீட் பெல்ட் நாடாவே அதனூடே போக வேண்டும். சாவிக்கொத்தில் தொங்குவது போன்ற கொக்கியையும், தெருவில் நடத்திக் கூட்டிப்போகும் மெல்லிய பட்டையின் பிளாஸ்டிக் பூட்டையும் நம்பிவிடக் கூடாது. இணைக்கும் வார் குட்டையாக இருக்க வேண்டும். நாய் தாராளமாக நடமாடட்டும் என்று பாசத்தில் ஒரு மீட்டர் கயிறு விட்டால், அந்த ஒரு மீட்டரையும் பறந்து கடந்த பிறகுதான் கயிறு இழுத்துப் பிடிக்கும். அப்போது சீட்டின் விளிம்பு தாண்டியிருக்கும்.

நம் ஊர் நாய்களுக்கு இன்னொரு சிக்கல். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற வேட்டை இனங்களுக்கு மார்பு ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கும், இடுப்பு ஒடுங்கியிருக்கும். தலையும் கழுத்தும் ஏறத்தாழ ஒரே சுற்றளவு. அதனால்தான் சாதாரணக் கழுத்துப்பட்டையை அவை சுலபமாக உருவிக்கொண்டு ஓடிவிடுகின்றன. எடையை மட்டும் பார்த்து வாங்கிய பட்டை, லாப்ரடாருக்குக் கச்சிதமாக இருந்தாலும் இவற்றுக்குத் தோளில் தளர்ந்து தொங்கும். மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்துதான் வாங்க வேண்டும், பூட்டிய பிறகு இரண்டு விரல் நுழையும் இடைவெளிக்கு மேல் இருக்கக் கூடாது.

சின்ன நாய்களுக்கு மடிதான் சொர்க்கம் என்று நினைக்கிறோம். காரில் அதைவிட ஆபத்தான இடம் கிடையாது. ஓட்டுநருக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை அறிவுறுத்துகிறது, ஏர்பேக் கண்ணிமைப்பதற்குள் பேரழுத்தத்தோடு விரிவதுதான் காரணம். மடியில் இருக்கும் ஸ்பிட்ஸ் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது: முன்னால் வெடித்து விரியும் பை, பின்னால் நம் நெஞ்சு. முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தாலும் ஏர்பேக் ஆபத்து விலகாது. ஆகவே நாய்க்கு இடம் பின் சீட்டு. மிகச் சிறிய நாயாக இருந்தால் உறுதியான பெட்டியில் வைத்து, முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் அசையாமல் பொருத்திவிடலாம். பெட்டியைச் சீட்டின்மேல் வைத்துக் குறுக்கே சீட் பெல்ட்டை இறுக்குவது பாதுகாப்பு போலத் தோன்றும். அதற்கென்று சோதிக்கப்படாத பெட்டியை மோதலின்போது அந்த பெல்ட்டே நசுக்கிவிடக்கூடும்.

கட்டிவைப்பது கொடுமை என்ற எதிர்ப்பில் உண்மையான அன்பு இருக்கிறது. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. பழக்கமில்லாத நாயைத் திடீரென்று பூட்டி மூன்று மணி நேரம் ஓட்டினால் அது தவிக்கும், வாந்தி எடுக்கும், பட்டையைக் கடிக்கும். முதலில் வீட்டுக்குள்ளேயே பட்டையை மாட்டித் தீனி கொடுக்கலாம், பிறகு நிற்கும் காரில் பத்து நிமிடம் பூட்டி உட்காரவைக்கலாம், அதன் பின் தெருமுனைவரை ஒரு சுற்று. இப்படிச் சில வாரம் பழக்கினால் நாய் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். வளைவுக்கு வளைவு கால் ஊன்ற இடமில்லாமல் வழுக்கும் நாயைவிட, மார்பில் பிடிமானம் உள்ள நாய்க்குப் பயணம் எளிது. கார் தீப்பிடித்தால் கட்டிய நாய் எப்படித் தப்பிக்கும் என்றும் கேட்கிறார்கள். மனிதர்களின் சீட் பெல்ட் வந்த காலத்திலும் இதே கேள்வி எழுந்தது. தீ வருவதற்கு முன் மோதல் வருகிறது. அந்த மோதலில் மண்டை உடையாத நாயைத்தான் தீயிலிருந்து தூக்கிக்கொண்டு ஓட முடியும்.

பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் 57-ஆவது விதி, திடீரென்று நிறுத்தினால் ஓட்டுநருக்கும் தனக்கும் காயம் நேராதபடி நாய் தகுந்த முறையில் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்கிறது. ஜெர்மனியில் காருக்குள் இருக்கும் நாயைப் போக்குவரத்துச் சட்டம் சரக்காகக் கருதுகிறது. கேட்கக் கடினமாக இருந்தாலும், சரக்கை நகராமல் கட்டும் பொறுப்பு அதனால் ஓட்டுநருக்கு வந்துவிடுகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 125-ஆவது பிரிவு, வாகனத்தைக் கட்டுப்படுத்த ஓட்டுநருக்கு இடைஞ்சலாகும்படி எவரையும் உட்காரவோ நிற்கவோ விடக் கூடாது, எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது என்று சொல்கிறது. நாய் என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. அந்தச் சொல் அதில் சேர்ந்தால் நல்லது என்பது என் கருத்து. வீட்டில் ஒருவராக வளரும் உயிரைப் பற்றி வாகனச் சட்டம் வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

விபத்துக்குப் பிறகும் கட்டு பயன்படும். மிரண்ட நாய் திறந்த கதவு வழியே நெடுஞ்சாலைக்குள் ஓடும், அல்லது மயங்கிக் கிடக்கும் எஜமானரை யாரும் தொடவிடாமல் ஆம்புலன்ஸ் ஊழியரைப் பார்த்து உறுமும். விபத்தே நடக்காத பயணத்திலும் இந்த ஆபத்து உண்டு. தேநீருக்காக நிறுத்திக் கதவைத் திறந்ததும் நாய் தாவி லாரிக்கு முன்னால் போய்விடலாம். அதனால் இறங்கும்போது ஒரு வரிசை வேண்டும்: சாலைப் பக்கக் கதவு மூடியிருக்க, ஓரத்துக் கதவை ஒரு கை அளவு திறந்து, கைக்கயிற்றை முதலில் பட்டையில் மாட்டி, அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்ட பிறகுதான் சீட் பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.