நாடக விமர்சனம் எழுதுவது எப்படி?

தில்லை நகரிலிருந்து குடும்பத்தோடு நாடகம் பார்க்கப் போகிறீர்கள். திரும்பி வந்ததும், "நாடகம் எப்படி?" என்று பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள். "நன்றாக இருந்தது" என்றால் போதுமா? போதாது. எது நன்றாக இருந்தது, ஏன் என்று சொல்ல வேண்டும். அதுதான் விமர்சனம்.

சினிமாப் படம் நாளைக்கும் மாறாது. நாடகம் அப்படி அல்ல. இன்று தடுமாறிய நடிகர் நாளை வெளுத்து வாங்குவார். ஆகவே எந்த நாள், எந்த அரங்கம் என்பதை முதலில் எழுதுங்கள்.

கதையை நாலு வரியில் சொல்லுங்கள். முடிவைச் சொல்லாதீர்கள். காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர் ஏமாறக் கூடாது! பிறகு நடிப்பு, வசனம், காட்சி ஜோடனை, பாட்டு. கடைசி வரிசைக்கும் வசனம் கேட்டதா? ஜனங்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள்? "நடிப்பு மோசம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்தக் காட்சியில் என்ன குறை என்று எழுதுங்கள்.

கல்கி காட்டிய வழி

எழுத்தாளர் கல்கி திருச்சியில் படித்தவர். 1921-ல் படிப்பை உதறிவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் குதித்தார். பிற்பாடு ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற புனைபெயரில் விமர்சனங்கள் எழுதினார்.

கல்கி காங்கிரஸ்காரர். அண்ணாவோ திராவிட இயக்கத்தவர். ஆனாலும் அண்ணாவின் "ஓர் இரவு" நாடகத்தைப் பார்த்த கல்கி, பெர்னார்ட் ஷா, இப்சன் ஆகியோரோடு அவரை ஒப்பிட்டுப் புகழ்ந்தார்.

கட்சி வேறு, கலை வேறு. வேண்டாதவர் நாடகமானாலும் நல்லதை நல்லது என்று எழுத வேண்டும். வேண்டியவர் நாடகமானாலும் குறையை மறைக்கக் கூடாது. அந்த நேர்மை இல்லாவிட்டால், உங்கள் பேனாவை யார் நம்புவார்கள்?