பாதை இல்லாத ஊரில் முடங்கும் முதல்

2010ஆம் ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில் ஒரு பள்ளிவாசல் கட்டப்பட்டது. கட்டி முடித்த பள்ளிவாசலை லொறியில் ஏற்றினார்கள். பின்னர் ஹே ரிவர் துறைமுகத்தில் பார்ஜ் படகுக்கு மாற்றி, மெக்கன்ஸி ஆற்று வழியாக வடதுருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள இனுவிக் என்ற சிற்றூருக்குக் கொண்டு சென்றார்கள். ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் பயணம். அங்கேயே கட்டுவதை விட இதுதான் மலிவு. அந்தப் பருவத்தின் கடைசிப் படகு தவறியிருந்தால் பள்ளிவாசல் அடுத்த வருடம்தான் போயிருக்கும். அல்லாஹ்வின் உதவியால் அவ்வருடம் நவம்பரிலேயே அது திறக்கப்பட்டது.

இச்செய்தியை வாசித்தபோது ஒரு வியாபாரியாக என் மனதில் எழுந்த கேள்வி இதுதான்: ஒரு கட்டடத்துக்கே இந்தப் பாடு என்றால், அந்த ஆற்றோரத்தில் கடை வைத்திருப்பவரின் நிலை என்ன?

நோர்மன் வெல்ஸ், துலிட்டா போன்ற ஊர்களுக்கு வருடம் முழுவதும் ஓடக்கூடிய பாதை இன்றும் இல்லை. கோடையில் பார்ஜ், கடுங்குளிர் மாதங்களில் உறைபனி மீது போடும் தற்காலிகப் பாதை, மற்றக் காலத்தில் விமானம். எனவே பாரமான பொருள்களைச் சில வாரங்களுக்குள் வாங்கி, பல மாதங்களுக்குக் களஞ்சியப்படுத்த வேண்டும். நாம் ஒரே முதலை மாதம் இரண்டு மூன்று தடவை புரட்டுகிறோம். அங்கே அதே முதல் வருடத்தில் ஓரிரு தடவைதான் புரளும். முடங்கிய பணம், களஞ்சியச் செலவு, பழுதாகும் பொருள் எல்லாம் விலையில் ஏறுகின்றன. கடைக்காரர் பேராசைக்காரர் என்று சொல்வது சுலபம். கணக்கைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

2024இல் ஆற்றில் நீர் குறைந்து அவ்வூர்களுக்கான பார்ஜ் சேவை ரத்தானது. எரிபொருளும் உணவும் விமானத்தில் வந்தன. ஆற்றை நம்பிய வியாபாரம் என்னவாகும் என்பதற்கு அது போதும்.

நமக்கும் இது புதிதல்ல. 2006 ஆகஸ்ட்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணத்துக்கான சரக்கு கப்பலை நம்பியிருந்ததையும், அங்கு விலைகள் ஏறியதையும் நமது வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

மெக்கன்ஸி பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையை அமைப்பதாக கனேடியப் பிரதமர் பியர் ட்ரூடோ 1972இல் அறிவித்தார். 1994இல் ரிக்லி வரை பாதை வந்தது. அங்கிருந்து நோர்மன் வெல்ஸுக்கு இன்னும் சுமார் 320 கிலோமீற்றர். "சில ஆயிரம் பேருக்கு இவ்வளவு செலவா?" என்பதே முக்கிய ஆட்சேபம். உறைந்த நிலம் இளகினால் பராமரிப்புச் செலவும் கூடும். மான் கூட்டங்கள் பாதிக்கப்படும் என்ற கவலையும் நியாயமானது.

ஆனால் பாதை போடாமல் இருப்பதும் இலவசமல்ல. தூர வடக்குக்கு அனுப்பப்படும் உணவுக்கென்றே 2011 முதல் கனடா அரசு 'நியூட்ரிஷன் நோர்த்' என்ற மானியத் திட்டத்தை நடத்தி வருகிறது. அந்தச் செலவு வருடா வருடம் திரும்ப வரும். மேலும் இது முடியாத காரியமல்ல. இனுவிக்கிலிருந்து ஆர்க்டிக் கரையிலுள்ள டக்டோயாக்டக் வரை ஏறத்தாழ 140 கிலோமீற்றர் பாதை, சுமார் 300 மில்லியன் கனேடிய டொலர் செலவில் 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. டக்டோயாக்டக்கின் சனத்தொகை ஆயிரத்துக்கும் குறைவு.

பாதை வந்தால் உள்ளூர்க் கடைக்காரருக்குப் போட்டி வரும் என்பதையும் நான் மறைக்கவில்லை. வாடிக்கையாளர் பெரிய நகருக்குப் போய் வாங்குவார். ஆனால் அதே பாதையில் கடைக்காரரும் வாராவாரம் சிறிதளவாகக் கொள்வனவு செய்யலாம். சிறு முதலுடன் ஓர் இளைஞர் புதிதாகக் கடை தொடங்கலாம். ஒரு வருடச் சரக்கை வாங்க வசதியுள்ளவர் மட்டுமே வியாபாரம் செய்ய முடியும் என்ற நிலை மாறும்.

நாமும் நமது ஊர்ப் பாதைகளுக்காக மகஜர் கொடுக்கிறோம். "மக்கள் கஷ்டப்படுகிறார்கள்" என்று எழுதுவதோடு நின்றுவிடுகிறோம். பாதை மோசமாக இருப்பதால் எத்தனை நாள் சரக்கை மேலதிகமாக வைத்திருக்கிறோம், அதில் எவ்வளவு முதல் முடங்குகிறது, எவ்வளவு பழுதாகிறது என்ற கணக்கை வர்த்தக சங்கங்கள் திரட்டி மகஜரோடு இணைக்கட்டும். அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிய கணக்கு அது.